வெங்காயக் குடும்பத்து ஜெர்மன்காரர்

ஜெர்மன்காரரை முக்காலியில் உட்கார வைத்திருந்தோம். அந்த மனிதரின் உயரத்துக்கு முழங்கால் இரண்டும் தாடையை இடித்துக்கொண்டிருந்தன. எதிரே மூன்று மூட்டை பெல்லாரி வெங்காயம். மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் என்னைப் பெற்ற அத்தா, சம்பந்தி சுலைமான் சாகிப், பிரியாணி சமைக்க வந்த உசேன் பண்டாரி. அவர்களுக்குப் பின்னால், ராயபுரத்தில் அன்றைக்கு வேறு வேலை இல்லாத அத்தனை பேரும்.

ஜெர்மன் துரை ஒரு வெங்காயத்தை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக்கு அருகே கொண்டு போனார். முற்றத்தில் சத்தமே இல்லை. குழாயடியில் குடம் வைத்திருந்தவள்கூடக் குழாயை மூடிவிட்டாள்.

அவர் என் பக்கம் சாய்ந்து, இப்போது நான் என்ன செய்யவேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டார்.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். "துரை யோசிச்சிக்கினு கீறாரு" என்று மொழிபெயர்த்தேன்.

மறுநாள் காலையில் என் அக்கா ஜெய்னம்புக்கு நிக்காஹ். ஏற்கனவே ஒருமுறை, வேறு ஒரு இடத்தில், பேசி முடித்து நின்றுபோன கல்யாணம் அவளுக்கு. இதுவும் நின்றால் அப்புறம் எங்கள் வாசற்படியை எவனும் மிதிக்கமாட்டான். அது நடக்குமா நிற்குமா என்பது துரையின் கையிலிருந்த வெங்காயத்தில் இருந்தது.

எப்படி அந்த இக்கட்டில் வந்து மாட்டினோம் என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு நான் பின்னால் போவது புதிதல்ல. முன்னால் வந்தால்தான் அதிசயம்.

தகப்பன் பேர், பாட்டன் பேர்

நான் அப்போது திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். கம்பெனியின் பேரை எழுதமாட்டேன். எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று இந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு பயம்.

கம்பெனிக்குப் புது பாய்லர் ஒன்று கப்பலில் வந்து இறங்கியது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட, கூடவே ஒரு ஜெர்மன்காரரும் இறங்கினார். அவருக்கு கேட் பாஸ் எழுதும் வேலை எனக்கு. பேர் என்னவென்று கேட்டேன். ட்ஸ்வீப்ளர் என்றார். எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டேன். தகப்பனார் பேர்? ட்ஸ்வீப்ளர் என்றார். கேள்வி புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, சரி, பாட்டனார் பேர் என்று கேட்டேன். அதுவும் ட்ஸ்வீப்ளர்தான்.

ஒரு குடும்பத்தில் இத்தனை பேருக்கும் வேறு பேர் கிடைக்கவில்லையா என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. மனிதர் சிரித்துவிட்டு, ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து விளக்கம் சொன்னார்.

அவர் பாஷையில் ட்ஸ்வீபெல் என்றால் வெங்காயம். அதற்கு ஒரு வாலைச் சேர்த்தால் வெங்காயம் பயிரிடுகிறவன், இல்லை விற்கிறவன். பல நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கேயும் மனுஷனுக்கு ஒரே பேர்தானாம். ஒரு ஊருக்கு இருபது யோஹான் இருப்பார்களாம். வரி வசூலுக்கு வந்த குமாஸ்தாவுக்குத் தலை சுற்றியது. மாவு அரைக்கிற யோஹான், இரும்படிக்கிற யோஹான், வெங்காயக்கார யோஹான் என்று பிரித்து எழுதிக்கொண்டான். அப்புறம் யோஹான்கள் செத்தார்கள். பேரன்மார் வேறு வேறு வேலைக்குப் போனார்கள். குமாஸ்தா எழுதிய எழுத்து மட்டும் பரம்பரைக்கும் நின்றுவிட்டது.

அவர் ஊர்ப் பக்கம் ஆற்றங்கரை மணலில் வெங்காயத் தோட்டங்கள் உண்டாம். கிழங்கு முற்றுகிற சமயத்தில் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு, குடும்பம் குடும்பமாகப் பாத்தியில் இறங்கித் தாளை மிதிப்பார்களாம். தாள் மடங்கினால் சத்து கிழங்குக்கு இறங்கும், கழுத்து காயும் என்பது கணக்கு.

இதையெல்லாம் நான் கலாசிகளுக்குத் தமிழில் சொன்னேன். கலாசிகள் என்றால், கயிறும் உருளையும் போட்டு யானை கனம் இரும்பை நகர்த்துகிறவர்கள். அன்று மத்தியானம் முழுக்க அவர்கள் பாய்லரை நகர்த்தவில்லை. காலில் பலகை கட்டி மிதிப்பது எப்படி என்று ஒருவருக்கொருவர் நடந்து காட்டிக்கொண்டிருந்தார்கள்.

நாலு காதர்

ஜெர்மன்காரர் சொன்னது எனக்கு உடனே புரிந்ததற்குக் காரணம் எங்கள் தெரு.

எங்கள் தெருவில் நாலு காதர். சோடா காதர், பீடி காதர், டிராம் காதர், நான் டைப்பு காதர். டைப்பு வகுப்பிலிருந்து நான் மூன்றாம் மாதமே ஓடி வந்தவன். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பட்டணத்தில் டிராம் வண்டி நின்றுபோய், கண்டக்டர் வேலையும் போய், டிராம் காதர் தொப்பி விற்க ஆரம்பித்தபிறகும் அவர் டிராம் காதர்தான். தொப்பிக்கடை எங்கே என்று கேட்டால், "டிராம் கடையா, நேராப் போ" என்பார்கள்.

பெரிய பெரிய பட்டங்களும் இந்த மாதிரி ஒட்டிக்கொண்டவைதானே. போன மாதம் ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். நீங்கள் ராவுத்தர் ஆயிற்றே, ராவுத்தர் என்றால் குதிரை வீரர் ஆயிற்றே, உங்கள் குடும்பத்துக் குதிரைகளைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று குறைப்பட்டிருந்தார்.

ஐயா, எங்கள் அத்தா மஸ்தான் ராவுத்தர் பேசின் பிரிட்ஜ் யார்டில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். எத்தனை பெரிய எஞ்சின் வந்தாலும் பக்கத்தில் நின்று கொடி காட்டுவார். ஜட்கா வண்டிக் குதிரை எதிரே வந்தால் சந்துக்குள் ஒதுங்கி, அது போகிறவரை யா அல்லா சொல்லிக்கொண்டிருப்பார். எங்கள் குடும்பத்துக் குதிரை வரலாறு இவ்வளவுதான்.

ஆனால் மற்றவர் விஷயத்தில் மட்டும் நாங்கள் இப்படி நினைப்பதில்லை. அடுத்தவன் பேரில் தொழில் இருந்தால் அது அவன் ரத்தத்தில் ஊறியிருக்கவேண்டும் என்று அடித்துச் சொல்லுவோம். கலாசி மேஸ்திரி தனபால், "அப்ப துரைக்கு ஜாதித் தொழிலே வெங்காயம்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். தனபாலின் மச்சான் கொத்தவால் சாவடியில் கைவண்டி இழுப்பவன். அவன் போய் இந்தச் செய்தியை இறக்கியது சுலைமான் சாகிபின் வெங்காய மண்டியில்.

ஒரு வாரத்தில் சுலைமான் சாகிப் என்னை வழிமறித்தார். தங்கள் தொழில்காரர் ஒருவர் சீமையிலிருந்து வந்திருக்கிறாராமே என்று கேட்டார். அதற்குள் செய்தி நன்றாக வளர்ந்திருந்தது. துரை வீட்டு வாசலில் வெள்ளியில் வெங்காயம் செதுக்கியிருப்பதாகவும், கண்ணைக் கட்டிவிட்டாலும் மூட்டையை முகர்ந்து ஊர் சொல்லுவார் என்றும் அவருக்குத் தகவல். நான் இல்லையென்று சொல்லவில்லை. வருங்கால சம்பந்தி. அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்?

அந்த ஒரு மௌனத்துக்குத்தான் நான் பின்னால் பட்டேன்.

பண்டாரி சொன்னால் சொன்னதுதான்

எங்கள் ஆட்களின் கல்யாணத்தில் மாப்பிள்ளை இரண்டாவது ஆள். முதல் ஆள் பண்டாரி. கல்யாணப் பிரியாணியைப் பொறுப்பேற்றுச் சமைக்கிற அவருக்கு, தேக்சா என்கிற பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் போலீஸ் கமிஷனர் வந்து நின்றாலும் தள்ளி நில்லு என்று சொல்ல உரிமை உண்டு. ஒரு பண்டாரி வேண்டாம் என்று இறங்கிப் போன வீட்டில் இன்னொரு பண்டாரி கரண்டி தொடமாட்டார். அது அவர்களுக்குள் சட்டம்.

உசேன் பண்டாரி கல்யாணத்துக்கு முதல் நாள் காலையிலேயே வந்துவிட்டார். பிரியாணிக்கு வேண்டிய வெங்காயத்தை முதல் நாளே சீவி, எண்ணெயில் சிவக்க வறுத்து வைக்கவேண்டும். மூட்டைகளைப் பிரித்தார். ஒரு வெங்காயத்தை எடுத்துக் கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். முகம் மாறியது.

அந்த மூன்று மூட்டையும் சம்பந்தி சுலைமான் சாகிப் அனுப்பிய சீர். அன்று விடிகாலை வேகனில் வந்த புது லாட். ஒவ்வொன்றும் கைக்குள் அடங்காத பருமன், மேல்தோல் பளபளவென்று ரோஸ் நிறம். மண்டியில் இருந்ததிலேயே அழகானதாகப் பார்த்துப் பொறுக்கி அனுப்பியிருந்தார்.

"இன்னா பாய் இது, வெங்காயமா தண்ணிக் கொடமா?" என்றார் பண்டாரி. "இத்த எண்ணையில போட்டா அழுவும். செவக்காது. வேற வெங்காயம் குடு, இல்லாங்காட்டி என்னிய வுட்டுடு."

அத்தா கெஞ்சினார். எல்லாம் வாங்கி வைத்தாகிவிட்டது, ஆட்டை அறுக்க ஆள் சொல்லியாயிற்று, இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்றார். பண்டாரி ஆட்டையும் சேர்த்து வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றார். நேற்றுவரை மாமு மாமு என்று கூப்பிட்டவர், இப்போது அத்தாவை ஏதோ கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

இந்தச் சமயம் பார்த்து, ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று பார்க்க சுலைமான் சாகிபே வந்து நின்றார். பண்டாரியும் மறைக்கவில்லை. முகத்துக்கு நேராகச் சொன்னார். மண்டிக்காரனுக்கு மூட்டையைத் தெரியும், வறுத்தால் எப்படி இருக்கும் என்று தெரியாது என்றார்.

சுலைமான் சாகிப் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. அத்தாவைத் தனியாக அழைத்து, தோளில் கை போட்டுச் சொன்னார்.

"மஸ்தான் பாய், என் வெங்காயம் திரும்பி வந்துச்சின்னா, என் புள்ளயும் திரும்பி வந்துருவான். அவ்ளோதான்."

அத்தா அப்படியே திண்டாடிப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார். வெங்காயத்தை வைத்துக்கொண்டால் பண்டாரி போவார். வெங்காயத்தை அனுப்பினால் மாப்பிள்ளை போவான். உள்ளே அக்கா கையில் மருதாணியோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அழுவதற்குத் தயாராக முந்தானையை எடுத்துவிட்டாள்.

மத்தியஸ்தம் பேச வந்த நாலு பேர் நாற்பது யோசனை சொன்னார்கள். வெங்காயம் தெரிந்தவராக இருக்கவேண்டும், ஆனால் மண்டியில் சுலைமானுக்குப் பங்காளியாக இருக்கக்கூடாது. அப்படி ஒரு ஆளுக்கு எங்கே போவது?

சுலைமான் சாகிப் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். "அந்த ஜெர்மன்காரரு சொல்லட்டும். அவரு பொறப்பே வெங்காயம். நான் கட்டுப்படறேன்."

பண்டாரியும் ஒத்துக்கொண்டார். வெள்ளைக்காரனுக்கு யாரும் உறவில்லை, நியாயம் சொல்லுவான் என்றார்.  அந்த மனிதருக்குத் தெரிந்ததெல்லாம் பாய்லர்.

இரண்டு சட்டி, ஒரே எண்ணெய்

அன்று ஞாயிற்றுக்கிழமை. துரை தங்கியிருந்த அறைக்கு ஓடினேன். உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் வரமாட்டார் என்று பயம். எங்கள் வீட்டில் கொஞ்சம் வெங்காயம் இருக்கிறது, வந்து பார்க்கவேண்டும் என்று மட்டும் சொன்னேன். இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் பார்க்கக் கூப்பிடுவது ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கோட்டு போட்டுக்கொண்டு வந்தார்.

அப்படித்தான் முக்காலிக்கு வந்து சேர்ந்தார். நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்ட இடத்தில் விட்டேன் அல்லவா? இந்த வெங்காயம் வறுத்தால் சிவக்குமா சிவக்காதா என்பதுதான் கேள்வி என்று அவரிடம் சொன்னேன்.

அவர் முகம் தெளிந்தது. இதற்கு ஏன் இத்தனை பேர் யோசிக்கவேண்டும், வறுத்துப் பார்த்தால் தெரிந்துபோகிறது என்றார்.

எஞ்சினியர் புத்தி. முனைக் கடையிலிருந்து பழைய வெங்காயம் கொஞ்சம் வாங்கிவரச் சொன்னார். இரண்டு அடுப்பு, ஒரே அளவு சட்டி, ஒரே டின்னிலிருந்து எண்ணெய். இரண்டு வெங்காயத்தையும் ஒரே கனத்தில் சீவவேண்டும் என்று பண்டாரிக்கே கட்டளை போட்டார். வாழ்நாளில் யாருக்கும் பணியாத உசேன் பண்டாரி, வாயைத் திறக்காமல் சீவினார். துரை கைக்கடிகாரத்தைக் கழற்றி மூட்டைமேல் வைத்து, போடுங்கள் என்று கையசைத்தார்.

ஐந்து நிமிஷம் போனது. கடை வெங்காயம் ஓரத்தில் பொன்னிறம் கட்டியது. பத்து நிமிஷத்தில் சருகாகச் சிவந்து, முற்றம் முழுக்க வாசனை தூக்கியது. சுலைமான் சாகிபின் வெங்காயம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தது. எண்ணெயே தெரியவில்லை. வெளுத்துத் துவண்டு, காய்ச்சல்காரனுக்கு வைத்த கஞ்சியைப்போல் கிடந்தது.

யாரும் தீர்ப்புச் சொல்ல அவசியமே இல்லாமல் போயிற்று. துரை திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

சுலைமான் சாகிப் அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஊரே கூடிய இடத்தில், அவர் பொறுக்கி அனுப்பிய சீர் அப்படிக் கிடந்தது. அத்தாவோ தரையைப் பார்த்தபடி உதடு மட்டும் அசைய ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். ஜட்கா குதிரைக்கு ஒதுங்கும்போது ஓதுவதுதான்.

தொப்பியைக் கழற்றிய அந்தப் பெரியவருக்கு என்ன ஆயிற்று என்று துரை கேட்டார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்குக் கல்யாணம், பெண் என் அக்கா, வெங்காயம் மாப்பிள்ளை வீட்டுச் சீர், இது தோற்றால் கல்யாணம் நிற்கும்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. இதைச் சட்டி வைப்பதற்கு முன்னால் ஏனடா சொல்லவில்லை என்றார். இங்கிலீஷில் ஏனடாவுக்கு வார்த்தை கிடையாது. ஆனாலும் எனக்கு அப்படித்தான் கேட்டது. 

துரை என்னை விட்டுத் திரும்பினார். பிறகு குனிந்து, பலகைமேல் சீவிக் கிடந்த சுலைமான் சாகிபின் வெங்காயத்தில் ஒரு துண்டை எடுத்துப் பச்சையாக வாயில் போட்டார். மென்றார். உப்பு கேட்டார். இரண்டு விரலால் உப்பைத் தொட்டுக்கொண்டு இன்னொரு துண்டு, இன்னொரு துண்டு என்று ஒரு கைப்பிடி தின்றுவிட்டு, எழுந்து நின்றார். முக்காலியிலிருந்து எழுந்ததும் முற்றத்துக்கே நிழல் விழுந்தது.

அன்றைக்கு அவர் சொன்னதில் நான் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் மொழிபெயர்த்தது இது ஒன்றைத்தான்.

"இந்த வெங்காயத்துல குத்தமில்ல. நெருப்புல வெச்சதுதான் குத்தம். இது பச்சயா துன்றதுக்குப் பொறந்தது. இவ்ளோ இனிப்பா நான் எங்கியும் துன்னதில்லன்றாரு துரை."

 நல்ல வார்த்தைதான். ஆனால் மூன்று மூட்டையைப் பச்சையாக யார் தின்பது? பண்டாரி தாடியைச் சொறிந்தார். சுலைமான் சாகிப் தொப்பியைப் போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"தயிர் வெங்காயத்துக்கு இத்த வுட்டா வேற இல்ல. பிரியாணி எவ்ளோ நல்லா இருந்தாலும் தயிர் வெங்காயம் இல்லாங்காட்டி எறங்காது."

அக்கா. மறுநாள் மணப்பெண். மாமனார் காதில் குரல் விழக்கூடாத நாள். அம்மா உள்ளே அவள் வாயைப் பொத்தும் சத்தம்கூட வெளியே கேட்டது. அத்தா கண்ணை மூடிக்கொண்டார்.

யார் பேசியது என்று சுலைமான் சாகிப் கேட்டார். அத்தா, அறியாத பிள்ளை, மன்னிக்கணும் என்று இழுத்தார்.

"இன்னாத்துக்கு மன்னிப்பு? மண்டி வூட்டுக்கு வர்ற மருமவ, சரியாத்தான் சொல்லுது" என்றார் சுலைமான் சாகிப். தொப்பியைப் போட்டுக்கொண்டார். பிறகு பண்டாரியைப் பார்க்காமல், காற்றைப் பார்த்துச் சொன்னார், மண்டியில் காய்ந்த பழைய சரக்கு கிடக்கிறது, வறுக்க வேண்டியதை வண்டியில் ஏற்றி அனுப்பச் சொல்கிறேன் என்று. பழசு வேண்டியமட்டும் இருந்திருக்கிறது. சம்பந்தி வீட்டுக்குப் பழசை அனுப்புவதா என்றுதான் பளபளப்பாகப் பார்த்து அனுப்பியிருக்கிறார்.

போகும்போது துரையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ரத்தம் பேசுது பாரு" என்று என்னிடம் சொன்னார்.

காசிமேட்டு வழியே

துரையைத் திரும்ப அனுப்ப ரிக்‌ஷா கூப்பிட்டேன். மனுஷனை மனுஷன் இழுக்கிற வண்டியில் ஏறமாட்டேன் என்றார். இரண்டு பேரும் காசிமேட்டுக் கடலோரமாக நடந்தோம். மணலில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. சாயங்கால வெயில்.

நான் மனதாரப் பாராட்டினேன். பாட்டன் பூட்டன் விட்டுப்போன ஞானம் சமயத்தில் கைகொடுத்தது என்றேன்.

அவர் நின்று, மடங்கி மடங்கிச் சிரித்தார். பிறகு சொன்னார். உலகச் சண்டைக்கு முன்னால் அவர் ஊரில், ரத்தத்தில் யூதர் கலப்பு உண்டா என்று பார்க்கிற ஒரு ஆட்சி இருந்ததாம். பாட்டன் யார், பூட்டி யார் என்று மாதா கோயில் பதிவேட்டைப் பார்த்து எழுதி வந்து காட்டினால்தான் வேலையில் இருக்கலாம் என்று சட்டம். இவரும் போய்த் தூசி தட்டிப் பார்த்திருக்கிறார். பின்னோக்கிப் போகப் போக எல்லோரும் ட்ஸ்வீப்ளர்தான். கடைசியில் முதல் ட்ஸ்வீப்ளர் வந்தார். அவர் வெங்காயக்காரரே இல்லை. எங்கிருந்தோ வந்து தெருத்தெருவாகக் கத்திக்குச் சாணை பிடித்தவர். வெங்காயத் தோட்டக்கார வீட்டு விதவையைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அந்த வீட்டின் பேராலேயே ஊர் அவரைக் கூப்பிட்டது. பாதிரியாரும் அப்படியே எழுதிவிட்டார்.

நம் பாஷையில் சொன்னால், வீட்டோடு மாப்பிள்ளை. சுலைமான் சாகிப் கும்பிட்ட அந்த வெங்காய ரத்தத்தில் ஒரு சொட்டுகூட வெங்காயம் கிடையாது.

அப்படியானால் பச்சையாகத் தின்னும் வெங்காயம் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

 காய்கிற மீனை மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தார். பிறகு சாதாரணமாகத்தான் சொன்னார். சண்டை முடிந்த வருஷம் குளிர்காலத்தில் அவருக்குக் கல்யாணம். ஊரில் பாதி வீட்டுக்குக் கூரை இல்லை, எங்கேயும் சாப்பாடு இல்லை. பெண்ணின் சிற்றப்பா யாரிடமோ கெஞ்சி ஒரு பை வெங்காயம் கொண்டு வந்தார். நெருப்பு மூட்ட விறகு இல்லை. ஒரு ரொட்டி, கொஞ்சம் உப்பு, பச்சை வெங்காயம். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம், அதுதான் எங்கள் விருந்து என்றார்.

வெங்காயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான் என்றார்.

 அவரை அறையில் கொண்டுபோய் விட்டேன். வீட்டுக்கு வந்து அத்தாவிடம் மட்டும் அந்த விருந்தைப் பற்றிச் சொன்னேன். அத்தா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, நாளைக்கு அவரை நம்ம சஹனில் உட்கார வை என்றார்.

நாலு பேர் தட்டு

சஹன் என்பது பெரிய தட்டு. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது எங்கள் விருந்து முறை. நிக்காஹ் முடிந்து பந்தலில் பாய் விரித்ததும், ஒரு சஹனில் அத்தா, சுலைமான் சாகிப், துரை, நான். துரையின் நீளக் காலை மடக்குவதற்குள் பக்கத்து சஹனில் பாதி காலியாகிவிட்டது.

உசேன் பண்டாரி தன் கையால் பிரியாணி தட்டினார். தயிர் வெங்காயம் தனிக் கிண்ணத்தில் மலைபோல் வந்தது. துரை பிரியாணியைத் தொடவில்லை. முதலில் வெங்காயத்தை எடுத்தார். மெதுவாக மென்று தின்றார். மறுபடியும் எடுத்தார்.

சுலைமான் சாகிபுக்குப் பெருமை பிடிபடவில்லை. அடுத்த சஹன்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என் தொடையைத் தட்டி, "துரை வூட்டுக் கல்யாணத்துல இன்னா விருந்துன்னு கேளு" என்றார்.

எனக்குக் கேட்க மனமில்லை. சம்பந்தி விடவில்லை. கேட்டேன். துரை கிண்ணத்தைக் கைகாட்டினார்.

"பாத்தீங்களா" என்று சுலைமான் சாகிப் பந்தலுக்கே கேட்கச் சொன்னார். "கல்யாணத்துக்கே வெங்காயம் போட்ற குடும்பம்."

எல்லோரும் சிரித்தார்கள். துரையும் சிரித்தார். நான் சோற்றைப் பிசைந்தபடி குனிந்துகொண்டேன்.

அத்தா சிரிக்கவில்லை. தன் பக்கம் இருந்த பெரிய கறித்துண்டை எடுத்து, சோற்றின்மேல் வழி பண்ணி, துரையின் பக்கம் தள்ளினார். துரை மரியாதைக்கு அதைத் திருப்பித் தள்ளினார். அத்தா மறுபடியும் தள்ளினார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் யார்டில் கற்றது. தேடிப் பார்த்து, வண்டி தடையில்லாமல் வரலாம் என்பதற்கு அங்கே சொல்வதை எடுத்துச் சொன்னார்.

"லைன் கிளியர் சார்."

துரை அத்தாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கறியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.